செயற்கைக்கோள் படத்தில் புயலின் வலிமையைக் கணிப்பது எப்படி? சேலம், ஏற்காட்டு வாசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து கடற்கரை நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் நமக்கு அந்நியச் செய்தி அல்ல. நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பலாமா, கூரைக்குள் அள்ளிவிட வேண்டுமா என்று தோட்டக்காரர் முடிவெடுத்தாக வேண்டும். மலைப்பாதையில் நாளை பஸ் ஓடுமா என்று அடிவாரத்தில் இருப்பவர் யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் கைபேசியில் வந்து குவியும் வண்ணப் படங்கள் அச்சத்தைத்தான் கூட்டுகின்றன. சிவப்பு அதிகம் பரவியிருந்தால் பயங்கரப் புயல் என்கிறார்கள். அந்தப் படத்தில் சிவப்புக்கு என்ன பொருள் என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் படத்தை முறையாக வாசிக்கும் வழி ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. அமெரிக்க வானிலை ஆய்வாளர் வெர்னான் டுவோராக் 1970-களின் தொடக்கத்தில் அதை வகுத்தார். 1975-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1984-இல், மேக உச்சியின் வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்புப் படங்களுக்கும் பொருந்தும்படி விரிவாக்கினார். மேகங்களின் அமைப்பைப் பார்த்து, விதிகளின்படி 1 முதல் 8 வரை அரை அரையாக ஏறும் ஓர் எண்ணைத் தருவதே அந்த முறை. அதை டி எண் என்பார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கைகளில் இன்றும் அந்த எண்ணைக் காணலாம். அட்லாண்டிக்கில் புயலுக்குள் விமானம் அனுப்பிக் காற்றை நேரடியாக அளக்கிறார்கள். நம் கடலில் அந்த ஏற்பாடு வழக்கமாக இல்லை. ஆகவே வங்கக் கடல் புயலின் வலிமையாக நாம் கேள்விப்படும் எண் பெரும்பாலும் ஒரு வல்லுநர் படத்தை வாசித்துச் சொன்னதுதான்.

அந்த வாசிப்பை நீங்களும் கற்கலாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். டி எண் கடலின் மேல் புயலின் மையத்தருகே வீசும் காற்றின் அளவு. மழையின் அளவு அதில் இல்லை. மலையில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஏன் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மேகத்தின் வடிவம் காற்றை எப்படிக் காட்டுகிறது

புயல் வலுக்கும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. சுழற்சி கூடுவதால் இடிமேகங்கள் நேர்வரிசையாக நிற்க முடியாமல் வளைந்து மையத்தைச் சுற்றுகின்றன. மையத்தைச் சுற்றிக் காற்று வேகமாக மேலேறுவதால் மேக உச்சிகள் உயர்ந்து, குளிர்ந்து, அகச்சிவப்புப் படத்தில் மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரி வரை இறங்குகின்றன. மூன்றாவதாக, மையத்தில் காற்று கீழிறங்கி வெப்பமடைவதால் மேகம் கலைந்து கண் திறக்கிறது. வளைவு, குளிர்ச்சி, கண் ஆகிய இம்மூன்றும் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கின்றன என்பதையே நாம் அளக்கப் போகிறோம்.

இந்த முதிர்ச்சியைக் கெடுப்பது மேலடுக்குக் காற்று. கீழே ஒரு திசையிலும் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசினால் மேகத் திரள் மையத்தை விட்டு ஒருபுறம் தள்ளப்படும். மையம் மேகமின்றி வெளியே தெரியும். அந்தப் புயல் எவ்வளவு பெரிய மேகத்தைச் சுமந்தாலும் வலுவானது ஆகாது. படத்தில் மேகத்தின் பரப்பைப் பார்த்து ஏமாறுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

முன்னேற்பாடு

முதலில் படம். நமக்குப் பொருத்தமானவை இன்சாட் 3டிஆர், இன்சாட் 3டிஎஸ் ஆகிய இரு செயற்கைக்கோள்கள். முன்னது 2016 செப்டம்பரிலும் பின்னது 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்டன. இரண்டும் நிலநடுக்கோட்டின் மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கின்றன. படங்களை வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலும், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்திலும் பார்க்கலாம். பகலில் எடுக்கும் கட்புலப் படம் ஒரு கிலோமீட்டர் நுணுக்கம் கொண்டது. அகச்சிவப்புப் படத்தின் நுணுக்கம் நான்கு கிலோமீட்டர், ஆனால் இரவிலும் கிடைக்கும். இரண்டும் வேண்டும். ஜப்பானின் ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும். ஆனால் அது நிற்பது வெகு கிழக்கே. நம் கரையைச் சாய்வான கோணத்தில் பார்க்கிறது.

அடுத்தது நேரம். படங்களில் பெரும்பாலும் உலக நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 03 என்று இருந்தால் காலை 8.30. இதைச் சரிபார்க்காமல் முந்தைய நாள் படத்தை இன்றைய படமாக எடுத்துக்கொள்பவர்கள் பலர்.

மூன்றாவது, வண்ண அளவுகோல். ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி நிறம் பூசுகிறது. நிறத்தை நம்பாதீர்கள், அதன் பக்கத்தில் இருக்கும் வெப்பநிலை எண்ணை மட்டும் நம்புங்கள். கெல்வினில் இருந்தால் 273-ஐக் கழித்துவிடுங்கள். 203 என்பது மைனஸ் 70.

கடைசியாக ஒரு சுருள் வரைபடம். இதைக் கையாலேயே வரைந்துகொள்ளலாம். டுவோராக் பயன்படுத்தியது பத்து டிகிரி மடக்கைச் சுருள். அதில் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மையத்திலிருந்து உள்ள தூரம் 1.32 மடங்காகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் நான்கு திசைக் கோடுகள் போடுங்கள். வடக்கே 1 செ.மீ. புள்ளி வையுங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாகக் கிழக்கே 1.32, தெற்கே 1.74, மேற்கே 2.30, மறுபடி வடக்கே 3.03 எனப் புள்ளிகளை வைத்து வளைவாக இணையுங்கள். இதே பெருக்கத்தில் இன்னொரு சுற்றும் தொடருங்கள், வெளிமுனை ஒன்பது சென்டிமீட்டரைத் தாண்டும். சுருளை வலஞ்சுழியாக விரிப்பது முக்கியம். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழன்று உள்நோக்கிப் போகின்றன. தாளைத் திருப்பிப் போட்டால் அது தென்னரைக்கோளத்துப் புயலுக்கு உரியதாகிவிடும். அளவுக்கு இன்னொரு குறிப்பு: ஓர் அட்சரேகை டிகிரி 111 கிலோமீட்டர். இனித் தூரத்தையும் அகலத்தையும் டிகிரியில் சொல்லும்போது இதையே குறிக்கிறேன்.

படி 1: மையத்தைக் கண்டுபிடித்தல்

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இந்தப் படிதான். மையம் ஒரு டிகிரி தள்ளிப்போனால் பின்னால் செய்யும் அளவெல்லாம் வீண்.

ஒற்றைப் படத்தில் மையத்தைத் தேடாதீர்கள். கடைசி ஆறு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். மேல்மட்டத்து மெல்லிய மேகங்கள் வெளிநோக்கி ஓடும், அவற்றைக் கவனத்திலிருந்து விலக்குங்கள். கீழ்மட்டத்து மேகக் கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றனவோ அதுவே மையம். கண் இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால், வளைந்த பட்டைகளின் உட்பக்க வளைவைக் கண்ணால் தொடர்ந்துசென்று அவை சேரும் இடத்தைக் குறியுங்கள்.

காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் வரும் கட்புலப் படத்தை எப்போதும் விட்டுவிடாதீர்கள். சாய்வான சூரிய ஒளியில் மேகங்களின் நிழல் விழுவதால் மேடு பள்ளம் தெளியும். இரவு முழுவதும் அகச்சிவப்பில் கீழ்மட்ட மேகங்கள் கடலின் வெப்பத்தோடு கலந்து மறைந்திருக்கும். வல்லுநர்கள்கூட மையம் மேகத் திரளுக்கு அடியில் இருப்பதாக எண்ணியிருந்து, விடிந்ததும் அது நூறு கிலோமீட்டர் கிழக்கே வெறுமையாகச் சுழல்வதைக் காண நேர்வதுண்டு. இரவுக் கணிப்பு எதுவானாலும் விடிந்ததும் மறுபடி சரிபாருங்கள்.

படி 2: இது எண்ணத் தக்கதா?

கடலில் திரளும் ஒவ்வொரு மேகக் கூட்டத்துக்கும் டி எண் கொடுக்கக் கூடாது. இடிமேகத் திரள் பன்னிரண்டு மணி நேரமாவது நீடித்திருக்க வேண்டும். இரண்டரை டிகிரிக்குள் அடங்கும் ஒரு மையத்தைக் குறிக்க முடிய வேண்டும், அது ஆறு மணி நேரமாவது நிலைத்திருக்க வேண்டும். மையத்திலிருந்து இரண்டு டிகிரிக்குள் ஒன்றரை டிகிரிக்குக் குறையாத அடர்ந்த, குளிர்ந்த மேகம் இருக்க வேண்டும். இவை கூடியிருந்தால் டி 1. சாதாரண வேகத்தில் வளர்ந்தால் இன்னும் சுமார் 36 மணி நேரத்தில் புயலாகலாம் என்பதே அந்த எண்ணின் பொருள்.

படி 3: வடிவத்தை இனங்கண்டு அளத்தல்

இதுதான் முறையின் இதயம். நிதானமாகப் படியுங்கள்.

*வளைந்த பட்டை.* வங்கக் கடல் புயல்களில் அதிகம் காண்பது இதுவே. மையத்தைச் சுற்றும் முதன்மைப் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். சுருள் தாளைப் படத்தின் மேல் வைத்து, பட்டையின் நடுவே ஓடும் அச்சோடு கோடு பொருந்தும்வரை சுழற்றுங்கள். பட்டை சுருளில் எத்தனை பங்கு சுற்றியிருக்கிறது என்று பத்தில் ஒரு பங்குக் கணக்கில் எண்ணுங்கள். கால் சுற்று அளவில் இருந்தால் 1.5 ஒட்டி. அரைச் சுற்று என்றால் 2.5. பத்தில் ஏழு பங்கு என்றால் 3. ஒரு முழுச் சுற்றை எட்டினால் 3.5. அதையும் தாண்டி ஒன்றேகால் சுற்று ஆனால் 4. அரைச் சுற்றை எட்டும்போதுதான் அது புயல் என்ற பெயருக்கு உரியதாகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தாலே செய்தியில் பெயர் சூட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பட்டை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடையிடையே துண்டாகச் சிதறிய மேகங்களைச் சேர்த்துச் சுற்று கணக்கிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அகச்சிவப்பில் சுமார் மைனஸ் 30 டிகிரிக்கும் குளிரான மேகத்தை மட்டும் பட்டையாகக் கொள்ளுங்கள்.

*ஒதுக்கப்பட்ட மையம்.* மேலடுக்குக் காற்று மேகத்தைத் தள்ளிவிட்ட நிலை. மையத்திலிருந்து அடர் மேகத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளங்கள். ஒன்றேகால் டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் 1.5-ஐத் தாண்டாது. விளிம்பை நெருங்கினால் 2.5 முதல் 3. மேகத்தின் ஓரத்துக்குச் சற்றே உள்ளே நுழைந்திருந்தால் 3.5 வரை போகலாம். நம் பருவத்தில் தென் வங்கக் கடலின் மேலடுக்குக் காற்று பல சமயம் கிழக்கிலிருந்து வீசும். மேகம் மேற்கே, அதாவது நம் கரைப் பக்கம் தள்ளப்படும். அதனால் மையம் இன்னும் தொலைவில் இருக்கும்போதே மழை வந்து சேர்ந்துவிடும்.

*கண்.* அகச்சிவப்பில் கண்ணைச் சூழ்ந்த வளையத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். சுமார் அரை டிகிரி அகலத்துக்கு இடைவெளியின்றிச் சுற்றியுள்ள மிகக் குளிர்ந்த வளையத்தையே எடுக்க வேண்டும். அந்த வளையம் மைனஸ் 54 முதல் 63 வரை என்றால் 5. மைனஸ் 64 முதல் 69 என்றால் 5.5. மைனஸ் 70 முதல் 75 என்றால் 6. மைனஸ் 76 முதல் 80 என்றால் 6.5. கண் தெளிந்து, 9 டிகிரிக்கு மேல் வெப்பமாகத் தெரிந்தால், வளையத்தின் குளிருக்கேற்ப அரை முதல் ஒன்று வரை கூட்டலாம். கண் மேகம் மூடிக் குளிர்ந்திருந்தால் குறைக்க நேரும். கண்ணுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடே புயலின் வலிமையைக் காட்டுகிறது. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயல் டி 7-ஐத் தொட்டது, காற்று மணிக்கு 260 கிலோமீட்டர்.

*புதைந்த மையம்.* கண் இல்லை, ஆனால் மையம் குளிர்ந்த மேகத்தின் நடுவே ஆழமாக இருக்கிறது. மையத்தைச் சுற்றி அரை டிகிரிக்குக் குறையாமல் சூழ்ந்த மேகத்தின் குளிரைப் பொறுத்து 3.5 முதல் 5 வரை. பன்னிரண்டு மணி நேரம் முன்பே 3.5-ஐ எட்டியிருந்த புயலுக்கு மட்டுமே இந்த வகையைப் பயன்படுத்த வேண்டும். மையம் எங்கே என்று தெரியாதபோது மேகத்தின் நடுவையே மையமாக வைத்துப் பெரிய எண் கொடுப்பது எளிதாக நிகழும் பிழை.

*மையத்தை மூடிய குளிர்ப் போர்வை.* சில சமயம் திடீரென்று ஒரு பெரிய, வட்டமான, மிகக் குளிர்ந்த மேகம் எழுந்து பட்டைகளையெல்லாம் மறைத்துவிடும். பார்க்க மிரட்டலாக இருக்கும். இணையத்தில் அதிகம் பரவுவதும் இந்தப் படம்தான். ஆனால் இது வளர்ச்சி தடைப்பட்டதன் அடையாளமாகவே பெரும்பாலும் அமைகிறது. முந்தைய எண்ணை அப்படியே நிறுத்தி வையுங்கள், கூட்டாதீர்கள்.

விடியற்காலையில் மேக உச்சிகள் இயல்பாகவே கூடுதலாகக் குளிரும். அதிகாலை மூன்று மணிப் படத்தை மாலை மூன்று மணிப் படத்தோடு ஒப்பிட்டு வலுத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. நேற்று இதே நேரத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 4: நேற்றைய படத்தின் சாட்சி

24 மணி நேரம் முந்தைய படத்தைப் பக்கத்தில் வையுங்கள். வளைவு கூடியதா, மையம் மேகத்துக்குள் நகர்ந்ததா, குளிர்ச்சி கூடியதா? வளர்ந்திருந்தால் நேற்றைய எண்ணோடு ஒன்று கூட்டுங்கள். மந்தமாக வளர்ந்திருந்தால் அரை. மிக விரைவு என்றால் ஒன்றரை. தளர்ந்திருந்தால் அதே கணக்கில் கழியுங்கள். கிடைப்பது எதிர்பார்ப்பு எண்.

படி 3-இல் அளந்த எண் தெளிவாக இருந்தால் அதையே எடுங்கள். பட்டை மங்கலாக, மையம் சந்தேகமாக இருந்தால் எதிர்பார்ப்பு எண்ணின் பக்கம் சாயுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

படி 5: வேகக் கட்டுப்பாடு

மேகம் அரை மணியில் மாறும், கடல் மட்டக் காற்று அவ்வளவு வேகமாக மாறாது. ஆகவே டுவோராக் வரம்பு வைத்தார். எண் 4-க்குக் கீழே இருக்கும்வரை ஆறு மணி நேரத்தில் அரைக்கு மேல் மாற்றக் கூடாது. 4-ஐத் தாண்டிய பின் ஆறு மணி நேரத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்றரை, பதினெட்டில் இரண்டு, இருபத்துநான்கில் இரண்டரை. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு எண் ஏற்றும் அவசரத்தை இந்த விதி தடுக்கிறது. இந்த முறை ஐம்பது ஆண்டுகள் நிலைத்ததற்கு அதன் கண்கூர்மையைவிட இந்தக் கட்டுப்பாடுதான் காரணம் என்பது என் எண்ணம்.

படி 6: எண்ணிலிருந்து காற்று

புயல் வளரும்போது டி எண்ணும் நடப்பு வலிமை எண்ணும் ஒன்றே. தளரும்போது மட்டும் வேறுபடும். மேகம் முதலில் சிதையும், காற்று பின்னால்தான் தணியும். ஆகவே டி எண் இறங்கத் தொடங்கியதும் வலிமை எண்ணைப் பன்னிரண்டு மணி நேரம் பழைய உச்சத்திலேயே நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். ஆனால் அது டி எண்ணைவிட ஒன்றுக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. அறிக்கைகளில் டி 3.0/3.5 என்று இரண்டு எண்கள் வந்தால் முதலாவது மேகத்தைச் சொல்கிறது, இரண்டாவது காற்றைச் சொல்கிறது. எச்சரிக்கைக்கு இரண்டாவதையே பாருங்கள்.

காற்றின் வேகம் நாட் கணக்கில் வரும். ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். வலிமை எண் 2 என்றால் 30 நாட், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 2.5 என்றால் 35 நாட், சுமார் 65 கிலோமீட்டர், புயல். 3 என்றால் 45 நாட், 83 கிலோமீட்டர், அதுவும் புயலே. 3.5-இல் 55 நாட், 102 கிலோமீட்டர், தீவிரப் புயல். 4-இல் 65 நாட், 120 கிலோமீட்டர், மிகத் தீவிரப் புயல். 5-இல் 90 நாட், 167 கிலோமீட்டர், அதிதீவிரப் புயல். 6-இல் 115 நாட். 6.5-இல் 127 நாட், 235 கிலோமீட்டர், அங்கிருந்து சூப்பர் புயல்.

ஏறுமுகத்தில் படியின் உயரம் கூடிக்கொண்டே போவதைப் பாருங்கள். 2-க்கும் 2.5-க்கும் இடையே 5 நாட்தான், 6-க்கும் 6.5-க்கும் இடையே 12. அமெரிக்கத் தளங்களில் சற்றுக் கூடுதலான வேகம் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறார்கள், நம் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது.

ஒரு பயிற்சிக் கணக்கு

கற்பனையாக ஒரு நவம்பர் புயலை எடுத்துக்கொள்வோம். நேற்றுக் காலை 8.30-க்கு எண் 2. இன்று அதே நேரத்தில் வளைந்த பட்டை சுருளில் பத்தில் ஏழு பங்கு சுற்றியிருக்கிறது. அளந்த எண் 3. நேற்றைவிட வளர்ச்சி தெளிவு, வேகம் சாதாரணம், எனவே எதிர்பார்ப்பு எண்ணும் 3. இரண்டும் ஒத்துப்போகின்றன. 45 நாட், புயல்.

மாலை 5.30-க்குப் பட்டையின் கிழக்குப் பகுதி கரைந்துவிட்டது. மையம் அடர் மேகத்தின் கிழக்கு விளிம்பில் வெளியே எட்டிப்பார்க்கிறது. இப்போது வடிவம் மாறிவிட்டது, ஒதுக்கப்பட்ட மையத்தின் விதியால் அளக்க வேண்டும். கிடைப்பது 2.5. டி எண் 2.5, ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஆகாததால் வலிமை எண் 3-ஆகவே நிற்கும். 2.5/3.0 என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளைக் காலை முதல் கட்புலப் படத்தில் மையம் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு. இதே மாலையில் கைபேசியில் மேற்குப் பக்கத்து மேகம் பெரிதாகப் படர்ந்த படம் உலா வரும், புயல் வலுப்பெற்றுவிட்டது என்ற வாசகத்தோடு.

உண்மையான பழைய புயல்களின் படங்களை எடுத்துப் பழகுவது இதைவிடச் சிறந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, 2016 டிசம்பர் 12-இல் சென்னையைக் கடந்த வர்தா, 2020 மே மாதத்து அம்பன் ஆகிய மூன்றும் நல்ல பாடங்கள். கணித்த பிறகே துறையின் அறிக்கையைத் திறந்து ஒப்பிடுங்கள்.

படி 7: வேறு சாட்சிகள்

டுவோராக் முறையின் துல்லியத்தை அட்லாண்டிக் விமான அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதிக் கணிப்புகள் 5 நாட் வேகத்துக்குள் சரியாக இருந்தன. பத்தில் ஒன்று 18 நாட் வேகத்துக்கும் மேல் தவறியது. 18 நாட் என்பது புயலுக்கும் தீவிரப் புயலுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிது. ஆகவே உங்கள் எண்ணை ஒற்றை எண்ணாக எண்ணாமல் அரை முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கக் கடல் மட்டக் காற்றை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர் கருவிகள் உதவும். ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களிலும், 2022 நவம்பரில் ஏவப்பட்ட நம் ஓஷன்சாட் 3-இலும் அவை இருக்கின்றன. தாழ்வு மண்டலம், சாதாரணப் புயல் வரை இவற்றின் வேகக் கணக்கு நம்பகமானது. நுண்ணலைப் படங்கள் மேல்மேகத்தை ஊடுருவி உள்ளே உருவாகும் கண்ணைக் காட்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இதே முறையைக் கணினியால் செய்து வெளியிடுகிறது. அதில் மையத்தைத் தவறாகக் குறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தவறியிருந்தால் எண்ணும் தவறு.

உங்கள் கணிப்பு உங்கள் புரிதலுக்கு. மாவட்ட நிர்வாகமும் வானிலை ஆய்வுத் துறையும் சொல்வதற்கு எதிராக அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். மலைக் கிராமத்தில் ஒரு தவறான செய்தி ஒரு குடும்பத்தை இரவில் மலைப்பாதைக்கு அனுப்பிவிடும்.

படி 8: கரை கடந்த பிறகு, மலைக்காரர்களுக்கு

கரையைத் தொட்டதும் டுவோராக் முறை முடிகிறது. நிலத்தின் மேல் டி எண் கொடுப்பதில்லை. பலர் அத்தோடு படத்தை மூடிவிடுகிறார்கள். சேலத்துக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலைப் பாருங்கள். வலிமையில் அது சாதாரணப் புயலைத் தாண்டவே இல்லை. ஆனால் கரையில் நகராமல் நின்றது, பிறகு மெதுவாக உள்ளே வந்தது. தாழ்வு மண்டலமாகத் தளர்ந்து, பெயர் செய்திகளிலிருந்து மறைந்துகொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தது. அன்று யாரேனும் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஆபத்து தீர்ந்தது என்றே நினைத்திருப்பார்கள்.

ஆகவே கரை கடந்ததும் கேள்விகளை மாற்றுங்கள். முதல் கேள்வி வேகம்: சுழற்சி நகர்கிறதா, நிற்கிறதா? மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவாக நகரும் தளர்ந்த மண்டலம், விரைந்து கடக்கும் தீவிரப் புயலைவிட மலைக்கு ஆபத்தானதாகலாம். இரண்டாவது ஈரம்: நீராவிப் படத்தில் வங்கக் கடலிலிருந்து உள்நாடு வரை ஈரத்தின் பாதை அறுபடாமல் இருக்கிறதா? வறண்ட காற்று சுழற்சிக்குள் புகுந்திருந்தால் மழை விரைவில் குறையும். மூன்றாவது திசை: சுழற்சியின் எந்தப் பக்கத்தில் நாம் இருக்கிறோம்? மையம் நமக்குத் தெற்கே இருந்தால் கிழக்குக் காற்று கடலின் ஈரத்தோடு சேர்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் மோதி மேலேறும். 280 மீட்டர் உயரத்துச் சேலத்துக்கு மேலே 1,500 மீட்டரில் ஏற்காடு நிற்கிறது. அந்த ஏற்றத்தில் காற்று குளிர்ந்து, மேகமாகி, அங்கேயே கொட்டிவிடும்.

மேக உச்சியின் குளிர்ச்சி இங்கே பெரிதும் ஏமாற்றும். மலைச்சரிவில் பெய்யும் மழை பல நேரங்களில் உயரமில்லாத மேகத்திலிருந்து வருகிறது. அகச்சிவப்பில் அது மங்கலான சாம்பல் நிறத்தில் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ராடாரும் முழுத் துணை அல்ல. காரைக்கால் ராடார் நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் சேர்வராயன் மலைக்கு மேலே மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போய்விடும். அதற்குக் கீழே பெய்வது அதன் கண்ணில் முழுமையாகப் படாது.

அதனால் மலையில் இருப்பவர்கள் ஒரு மழைமானியை வைத்துக்கொள்ளுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நிறுத்தி, தினமும் காலை 8.30-க்கு அளங்கள், துறையின் கணக்கும் அந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. கனமழையின்போது மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து, டி எண் எழுதிய அதே குறிப்பேட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள். மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்போது மூன்று மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டரை நெருங்கினால், செயற்கைக்கோள் படம் என்ன காட்டினாலும், மலைப்பாதையில் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.